பெல்பாட்டத்தில் கூடிப்போன ஒன்றரை அங்குலம்

இன்று காலை இஸ்திரிப்பெட்டி சூடு கூடிப்போய், யாரோ தைக்கக் கொடுத்த பாலியஸ்டர் துணியின் ஓரம் பொசுங்கிவிட்டது. பருத்தி பொசுங்கினால் காகிதம் எரிந்த வாசனை வரும். இது வேறு மாதிரி, மூக்கில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. துணிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க வேண்டியவன், உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. நேரில் சொல்லத் துணியாததை எழுதியாவது வைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் நான் தையல் கடை போட்ட புதிது. நீ கடலைக்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, சேறு காயாத காலோடு நேராகக் கடைக்கு வருவாய். உங்கள் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்த பிறகுதான் நீ பாட ஆரம்பித்தாய் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. மோட்டார் ரூமுக்குள் நின்று, அதன் இரைச்சலையே சுதியாக வைத்துக்கொண்டு, ரேடியோவில் கேட்டதையெல்லாம் பாடிப் பழகினாய். "மோட்டாரு சுதி சேர்ற மாதிரி எந்த ஆர்மோனியமும் சேராதுடா" என்பாய். கரண்டு போனால் பாட்டும் நின்றுவிடும். நான் சிரிப்பேன்.

அந்த வருடம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பாட வந்த பொள்ளாச்சி மெல்லிசைக் குழு புதிதாக ஒரு எக்கோ மெஷின் வாங்கியிருந்தது. ஒத்திகையில் நீ அதில் ஒரு வரி பாடிப் பார்த்தாய். உன் குரல் பெரிதாகி, இரண்டு மூன்று தரம் திரும்பி வந்து அடங்கியது. "என்ற குரலாடா இது?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றாய். குழு நடத்துகிறவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். நோம்பியன்று இரண்டு பாட்டுப் பாடட்டும், நன்றாக வந்தால் இனி எல்லாக் கச்சேரிக்கும் கூட்டிப் போகிறேன் என்றார்.

உன் அப்பா அதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம். ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார். "அவரு கூட்டிட்டுப் போனாச் செரி. இல்லீன்னா திங்கக்கெழம சின்னக்கானலுக்கு பஸ் ஏறீரோணும். மாமன் தேயிலத் தோட்டத்து ஸ்டோர்ல எடம் சொல்லி வெச்சிருக்கறான்." மூட்டை எண்ணுகிற வேலை. அதை நினைத்தாலே உனக்கு முகம் விழுந்துவிடும்.

மேடைக்கு வேட்டி ஆகாது, பெல்பாட்டம்தான் வேண்டும் என்றார் குழுக்காரர். நீ பாலக்காடு போய் டெரிலின் துணி, இப்போது பாலியஸ்டர் என்கிறோமே அதுதான், வாங்கி வந்தாய். நான் அதுவரை டெரிலினைத் தொட்டதில்லை. "இது தண்ணி பட்டாச் சுருங்காதாம்டா, கடைக்கார பாய் சொன்னாரு. நீளத்துல சேத்தி உடாத" என்று தெளிவாகத்தான் சொன்னாய். பருத்தி பேண்டுக்கு நாங்கள் ஒன்றரை அங்குலம் கூட விட்டுத்தான் வெட்டுவோம். முதல் சலவையில் அது ஏறி அளவுக்கு வந்துவிடும். சுருங்காத துணி என்று ஒன்று உண்டு என்பதை என் மூளை கேட்டது, கை கேட்கவில்லை. நோம்பிக் கூட்டத்தில் இருபது உருப்படிகளுக்கு நடுவில் பழக்கதோஷத்தில் ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டிவிட்டேன்.

நோம்பியன்று காலையில் நீ போட்டுப் பார்த்தாய். இருபத்து நாலு அங்குலச் சுற்றளவில் அடிமடிப்பு தரையில் புரண்டது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. மடிப்பைப் பிரித்துத் தைக்க அரைமணி நேரம் போதும். நீ குனிந்து பார்த்து, "ஏண்டா, நீளமாப் போச்சோ?" என்றாய்.

"பெல்பாட்டம்னா தரையத் தொட்டாத்தான்டா பேசனு. உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

தொழில்காரன் சொல்கிறான் என்று நம்பிப் போய்விட்டாய்.

முன்பெல்லாம் மேடையில் ஒரே மைக்தான், பாடுகிறவர் அதன் முன்னால் அசையாமல் நிற்பார். அந்தக் குழுவில் கிட்டாருக்கு ஒரு ஒயர், டிரம்முக்கு ஒரு ஒயர், எக்கோவுக்கு ஒரு ஒயர் என்று மேடை முழுக்க ஒயர். பாடுகிறவரும் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தபடி பாட வேண்டும், அப்போது அதுதான் புதுசு. கோயில் மேடை என்பதால் நீ வெறுங்காலோடு ஏறினாய். பெல்பாட்டத்துக்கு உயரச் செருப்பு வேண்டும், அது இல்லாததால்தான் அப்படி ஆயிற்று என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் உனக்கு அளவெடுத்ததே வெறுங்காலில்தான். அந்தச் சாக்கும் எனக்குக் கிடையாது.

முதல் பாட்டை நின்றபடி பாடினாய். கூட்டம் கப்சிப். உன் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் மைக்கோடு நடந்தாய். நாலாவது எட்டில் வலது குதிகால் அடிமடிப்பை மிதித்தது. தடுமாறி ஊன்றிய இடது காலின் பெல்பாட்டத்துக்குள் எக்கோ ஒயர் மாட்டியது. வைத்திருந்த ஸ்டூலோடு எக்கோ மெஷின் சாய்ந்து விழுந்தது. நீ முழங்காலில் விழுந்து கிடந்தாய், உன் வாய் மட்டும் பாடிக்கொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. ஊரே சிரித்தது.

மேடைக்குப் பின்னால் குழுக்காரர் உன் அப்பாவிடம், "பாட்டுல ஒரு கொறையுமில்லீங்க. மேடையில கால் நிக்கோணுமுங்க, அது தம்பிக்கு வராதுங்க" என்றார். அவர் போனதும் நீ என்னைப் பார்த்தாய்.

"நெசமாச் சொல்லுடா. பேண்டு நீளமா?"

"அளவெல்லாம் கரெக்ட்டு. நீதான் பதறீட்ட" என்றேன்.

ஏன் சொன்னேன் தெரியுமா? உன் பேண்ட் மேடையில் எடுப்பாக இருந்தால் குழுவுக்கே எட்டு ஜோடி தைக்கக் கொடுப்பதாகக் குழுக்காரர் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னபடியே கொடுத்தார். அதே டெரிலின்தான். அந்த எட்டிலும் நான் ஒரு நூல்கூட அதிகம் விடவில்லை.

திங்கட்கிழமை நீ பஸ் ஏறினாய். வழியனுப்ப நான் வரவில்லை. கடையில் வேலை என்று சொல்லி அனுப்பினேன், வேலையும் இருந்தது.

பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சின்னக்கானலில் வேலை பார்த்து, அங்கேயே தங்கிவிட்டாய். பொங்கலுக்கு ஸ்வெட்டரோடு வந்து இறங்கி, இந்த வெயிலில் ஏண்டா இதைப் போட்டிருக்கிறாய் என்று நான் கேட்க, கழற்றி என் தலையில் போடுவாய். "அங்க பாடறயாடா?" என்று ஒரு தரம் கேட்டேன். "தோட்டத்துல கூப்பிட்டாங்க. நாந்தான் மாட்டீன்னுட்டேன். கால் நிக்காதவனுக்கு மேடை எதுக்குடா?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தேன்.

நண்பா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வயதில், அந்தப் பயத்தில் சொன்னது. இப்போது என்னைத் தூங்கவிடாதது போன மாதம் சொன்னது.

உன்னை ஊருக்குக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். உன் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பா எப்பப் பாத்தாலும் அந்த நோம்பிக் கதையச் சொல்லிச் சிரிப்பாருங்க. நீங்க அங்க இருந்தீங்களாமே. நெசமாவே அவரு கால் நிக்காமத்தான் உழுந்தாருங்களா?" என்று கேட்டான். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். இழப்பதற்கு என்னிடம் எந்த ஆர்டரும் இல்லை.

"ஆமா கண்ணு, அவன் பதறீட்டான்" என்றேன். நீ பத்தடி தூரத்தில் படுத்திருந்தாய்.