தாத்தா மிதித்த ஆர்கன்

3 ஆகஸ்ட், திங்கள்

காலையிலேயே புழுக்கம். கோயிலில் தூசி தட்டல், பூ ஜாடி கழுவல், மெழுகு சுரண்டல். ஸ்டெல்லா சித்திக்கு முழங்கால் வலி, அதனால் மாடிப்படியும் என் பங்கு. பத்தாவதோடு நின்றதிலிருந்து சித்தியோடு இதுதான் வேலை. பிடித்த வேலை. யாரிடமும் பேச வேண்டாம்.

திருவிழாவுக்காக வாசலில் கோயில் வரலாறு என்று பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பாட்டு மாடியில் ஒரு காலத்தில் இருந்த ஆர்கனின் படமும் அதில். முதல்முறை பார்க்கிறேன். கூரைவரை குழாய்கள். அழகு. கீழே எழுதியிருந்தது: “துருத்தி மிதிக்க வைத்திருந்த வேலையாள் குழாய்களைத் திருடி விற்றதால் இந்த அரிய இசைக்கருவி அழிந்தது.”

துருத்தி மிதித்தது என் தாத்தா. அப்பாவின் அப்பா. ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாசிக்க, பின்னால் இருட்டில் நின்று அதற்குக் காற்று ஏற்றியவர். கடைசிவரை அவர் ஒருவர்தான். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்.

துடைப்பத்தை எங்கே போட்டேன் என்று நினைவில்லை.

4, செவ்வாய்

அப்பா மேட்டுப்பாளையம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு வந்தார். சாப்பிடவில்லை. “எங்கப்பா ஒரு மெழுகுவத்தித் துண்டு கூட வூட்டுக்கு எடுத்தாந்ததில்ல.” அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாவு மில்லில் வரிசை. எங்கள் தெரு அக்காக்கள் இரண்டு பேர், நான் நிற்பது தெரிந்தே:

“அவங்க வூட்டு ரசம் ஏன் அவ்ளோ ருசின்னு இப்பதான்டி தெரியுது.”

“ஏன்?”

“ஆர்கன் கொழாய உருக்கி ஈயச் சொம்பு பண்ணிட்டாங்கல்ல!”

சிரிப்பு. மாவு அரைக்காமலே வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஈயச் சொம்பே கிடையாது. குக்கரில்தான் ரசம். அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் வரும்.

வாங்க: சோப்பு, ஊசி, அப்பாவுக்கு வாயு மாத்திரை.

5, புதன்

தூறல். வாசல் முழுக்கச் சேறு. இரண்டு தடவை கழுவினேன்.

மறுபடி அந்தப் படம். ஒவ்வொரு குழாயின் கீழ்ப்பக்கமும் உதடு மாதிரி ஒரு வெட்டு. எங்கோ பார்த்த உதடு. மெழுகு சுரண்டிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. குடில் மரம்!

கிறிஸ்துமஸ் குடிலில் மாட்டுக் கொட்டகைக்கு இரு பக்கமும் நிறுத்துகிற தென்னை மரங்கள். நீளமான குழாய், பழுப்பு பெயின்ட், உச்சியில் காகித ஓலை. கீழே ஒரு பொந்து. அதில் பஞ்சுக் கிளி வைப்போம். சின்ன வயதில் கிளி வைக்க எனக்கும் சித்தி மகள் லில்லிக்கும் சண்டையே வரும்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைக்கு ஓடினேன். ஆறு மரங்களும் சாய்ந்து கிடந்தன. மெழுகுக் கத்தியால் சுரண்டினேன். உள்ளே சாம்பல் நிறத் தகரம் மாதிரி. அதே உதடு. அதேதான்.

தாத்தா விற்றதாகச் சொல்கிற குழாய்க்குக் கோயிலே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறது. வருஷா வருஷம் எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஈயச் சொம்பு அக்காக்கள் உட்பட.

6, வியாழன்

சித்தி விழாக் கமிட்டிச் செயலரிடம் சொன்னாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால். அவர் சொல்தா வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம், பிரெஞ்சு பென்ஷன். ஐயா என்று யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் முசே. வந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

“அட, ஆமாம்மா! இதுங்கள நானே தூக்கியிருக்கேன்.” சிரித்தார். சிரிப்பு வருகிறது அவருக்கு.

“அப்ப அந்த வரிய எடுத்துடுங்க முசே.” சித்திதான் கேட்டாள்.

“ஆறுதானம்மா இருக்கு. மத்ததெல்லாம் எங்க? ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதுவுமில்லாம, உங்க ஆளு பேரப் போட்டோமா? பேரே போடலியே!”

பேர் போடவில்லையாம்! வாசித்தவர் பேர் இருக்கிறது. வாங்கிக் கொடுத்த பிரெஞ்சுக்காரர் பேர் இருக்கிறது. மணி கொடுத்தவர், தேர் கொடுத்தவர், எல்லோரும் இருக்கிறார்கள். மிதித்தவருக்கு மட்டும் “வேலையாள்”. கேட்டால் அதுதான் மரியாதை.

மற்ற குழாய்கள் என்ன ஆயின? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாததை அவ்வளவு பெரிய எழுத்தில் எழுத எப்படிக் கை வந்தது?

சித்தி: “வுடுடி. நாளைக்கும் நாம இங்கதான் பெருக்கணும்.”

8, சனி

தேருக்குப் பூ கட்டல். விரலெல்லாம் சாமந்தி வாசம். அப்பா நாளைக்குப் பூசைக்கு வரமாட்டாராம். திருவிழாப் பூசைக்கு! காய்ச்சலில் கூடத் தவறவிடாத மனிதர்.

9, ஞாயிறு

முதல் பூசைக்கு முன்னால் ஒரு மரத்தைத் தனியாக இழுத்துவந்தேன். நல்ல கனம். ஓலை, கிளி எல்லாவற்றோடும் ஃப்ளெக்ஸில் இருக்கும் ஆர்கன் படத்துக்குக் கீழே நிறுத்தினேன். தூண் பக்கம் போய் ஒளிந்துகொண்டேன்.

பூசை முடிந்ததும் ஒரு வாண்டு கத்தியது. “ஐ! போட்டோல பாரு, நம்ம குடில் மரம்!”

கூட்டம் கூடிவிட்டது. மரத்தைப் பார்க்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள், கீழே இருப்பதைப் படிக்கிறார்கள்.

“இத யாரு இங்க கொண்டாந்து வெச்சது?” முசே.

“நான்தான்.” என் குரல்தான் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. “எங்க தாத்தா திருடி வித்த கொழா.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை. முசே முகம் சிவந்து, ஆள் விட்டு வெள்ளைத் தாள் கொண்டுவரச் சொல்லி அந்த வரியின் மேல் ஒட்டவைத்தார். “போதுமாம்மா? திருப்தியா?”

மன்னிப்பு? அது எந்தத் தாளிலும் இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் அப்பா. கம்பெனிச் சட்டை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். முன்னால் வந்தார். “காலியா வுட்டா எப்டி முசே?” அட்டைப்பெட்டியில் எழுதுகிற கறுப்பு மார்க்கரைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். முசே வாங்கவில்லை. அப்பா கையை மடக்கவில்லை.

நான் வாங்கினேன்.

துருத்தி மிதித்தவர் சவரிமுத்து.

எழுத்து கோணல். ஆனால் தெரு முனையில் நின்று பார்த்தாலும் படிக்க முடிகிறது.