மூன்றாவது கட்டிலின் பரிசோதனை

அனுப்புநர்:
தாவரவியல் விரிவுரையாளர்,
மகளிர் கல்லூரி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
மகளிர் மருத்துவமனை.

பொருள்: என் தங்கையின் கருப்பை வாய்ப் பரிசோதனையை முறைப்படி மீண்டும் செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் தங்கை தையற்கடை வைத்திருக்கிறாள். மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் அவளுக்கு இரத்தம் படுகிறது. தங்கள் ஆய்வகத்தில் எடுத்த சோதனையில் கருப்பை வாயில் வைரஸ் தொற்று உறுதியானது. ஆகவே சென்ற வாரம் உருப்பெருக்கிக் கருவியால் பார்க்க வரச்சொன்னார்கள். துணைக்கு நானும் உள்ளே இருந்தேன்.

2. அந்த அறையில் திரைபோட்ட மூன்று கட்டில்கள். மருத்துவர் வருவதற்கு முன்பே செவிலியர் மூன்று பேருக்கும் வினிகர் போன்ற அந்த அமிலத்தைத் தடவிவிட்டார். "டாக்டர் வர்றதுக்குள்ள எல்லாரையும் ரெடி பண்ணிடணும்மா. இல்லன்னா சாயந்திரம் வரைக்கும் இங்கதான்" என்றார். வாடை தாங்காமல் என் தங்கை, "என்னக்கா, என்னை ஊறுகாய் போடப் போறாங்களா?" என்று கேட்டாள். செவிலியரும் சிரித்துவிட்டார்.

3. முதல் கட்டிலில் திசு எடுக்க வேண்டியிருந்ததால் மருத்துவருக்கு நேரமாயிற்று. மூன்றாவது கட்டிலுக்கு, அதாவது என் தங்கையிடம், அவர் வந்தபோது அமிலம் காய்ந்தே போயிருந்தது. பார்த்தார், "நார்மல்" என்று எழுதினார். கருவியின் பச்சை விளக்கை அவர் போடவே இல்லை.

4. நான் மருத்துவர் அல்லேன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்த வைரஸ் பெரும்பாலான பெண்களிடம் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால், அது உண்டாக்கும் இரண்டு புரதங்கள், செல்லின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக உள்ள நம் புரதங்களைச் செயலிழக்கச் செய்யும். கடிவாளம் போன செல்கள் பெருகுவதோடு, அருகிலுள்ள இரத்தக் குழாய்களைத் தம் பக்கம் கிளைவிட அழைக்கும் பொருளையும் மிகுதியாகச் சுரக்கும். அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்கள் கோணலானவை, மெல்லிய சுவர் கொண்டவை, தொட்டாலே கசிபவை. அவற்றை அமிலம் தடவும் முன், உப்புநீரால் துடைத்து, பச்சை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அப்போது கறுப்பாகத் தெரியும். அமிலம் பட்டால் மங்கிவிடும். அமிலத்தால் தோன்றும் வெண்மையும் சில நிமிடங்களில் மறையத் தொடங்கும். ஆக, மூன்றாவது கட்டிலில் பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருந்தது?

5. இதை மருத்துவரிடம் தாழ்வாரத்தில் கேட்டேன். "நிறைய படிச்சா நிறைய பயம் வரும்மா" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். தங்கைக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல அந்தப் பரிசோதனை போதாது என்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு ஓராண்டு கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

6. செவிலியர்மீது நடவடிக்கை கோரவில்லை. காத்திருந்த பெண்கள் வேளையோடு வீடு திரும்பட்டும் என்றுதான் அவர் ஓடினார். ஒவ்வொருவராக அழைத்து, முதலில் குழாய்களைப் பார்த்து, அதன்பின் அமிலம் தடவ உத்தரவிடுங்கள். அந்த மூன்றாவது கட்டிலில் இதுவரை படுத்தெழுந்த மற்ற பெண்களையும் திரும்ப அழையுங்கள். அவர்களுக்குச் சந்தேகப்பட ஓர் அக்கா இருக்கிறாளோ என்னவோ.

7. தங்கை ஊரெல்லாம் நல்ல செய்தி சொல்லிவிட்டாள். நான் மறுபடி காட்டலாம் என்றபோது, "நீ கண்ணாடியில உன்னைப் பார்த்தாகூட அடையாள அட்டை கேப்பக்கா" என்று கேலி செய்தாள். நேற்று தையல் இயந்திரத்தின் முன்னிருக்கும் நாற்காலியின் உறையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். நடுவில் ஒரு பழுப்புக் கறை போகாமல் இருந்தது. இன்று காலை கூப்பிட்டதும் மறுபேச்சின்றிக் கிளம்பி வந்துவிட்டாள். கேலிகூட இல்லை. அதுதான் என்னை நிலைகொள்ளாமல் செய்கிறது.

இம்மனுவைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்திருக்கிறேன். அவள் தங்கள் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றே, முதல் ஆளாக, அவளைப் பார்க்க உத்தரவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

நாள்: திங்கட்கிழமை, முற்பகல்
இடம்: தங்கள் அலுவலக வாசல்

இங்ஙனம்,
(கையொப்பம்)
நோயாளியின் அக்கா