ஆறு லேத்துக்கு நீங்கள் எழுதிய அளவுச் சீட்டு

என் பிரியமுள்ள தேவராஜ் சகலைக்கு,

நீங்கள் போய் இருபத்தைந்து நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று சட்டைப் பையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு உங்கள் படத்துக்கு முன்னால் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அதை எடுத்துப் படித்துவிட வேண்டும் என்று கிள்ளானிலிருந்து செந்தூலில் உங்கள் ஃபிளாட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பாயாசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்ததுதான் மிச்சம்.

அது எந்தச் சீட்டு என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மல்லிகாவை நீங்கள் கட்டினீர்கள், தங்கச்சி சரோஜாவை நான் கட்டினேன். கிள்ளானில் ஒரே தொழிற்பள்ளியில் இருவருக்கும் வேலை. நான் சான்றிதழ் வாங்கிய பட்டறை ஆசிரியர், நீங்கள் பட்டறை உதவியாளர். ஆனால் இரும்பு கடையும் லேத்தில் ஏதாவது சத்தம் வந்தால் மாணவர்கள் உங்களைத்தான் தேடுவார்கள். அது எனக்குப் பிடிக்காது. இதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

லேத்தில் கத்தியைப் பிடித்து நிறுத்தும் பழைய டூல் போஸ்ட்டில் ஒவ்வொரு முறை கத்தி மாற்றும்போதும், முனை சுழலும் இரும்பின் நடுமையமான சென்டருக்கு நேராக வர அடியில் தகரத் துண்டுகளைச் சொருக வேண்டும். பாதி வகுப்பு அதிலேயே போய்விடும். பிடியோடு கத்தியைத் தூக்கி மாட்டி, கைப்பிடியை ஒரு திருப்புத் திருப்பினால் முடிந்துவிடும் புது வகை டூல் போஸ்ட் ஆறு வாங்கலாம் என்று பள்ளியில் ஒப்புக்கொண்டார்கள். சின்னதா பெரியதா என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு.

"கேட்டலாக்க மட்டும் பாத்து எடுத்துடாதீங்க சகலை," என்றீர்கள். "நம்ம மெஷின்ல போஸ்ட் உக்கார்ற எடமே ஒசரம் லா. பெரிசு போட்டா கத்தி சென்டருக்கு மேலயே நிக்கும், எறங்காது."

மாணவர்களை வைத்துக்கொண்டே சொன்னீர்கள். அவர்களும் தலையாட்டினார்கள். ஆறு லேத்தையும் தனித்தனியாக அளந்து எழுதி, கீழே 'சின்னது போதும்' என்று கோடு போட்டு என் கையில் சீட்டைக் கொடுத்தீர்கள். நான் அதை மடித்து கேட்டலாக்குக்குள் வைத்துவிட்டுப் பெரியதை எழுதி அனுப்பினேன். ஷா ஆலமில் ஒரு பள்ளியில் பெரியதைத்தான் பார்த்திருந்தேன், பார்க்க எடுப்பாக இருந்தது. அவர்கள் லேத்தும் பெரியது என்பதை யோசிக்கவில்லை. உங்கள் பேச்சைக் கேட்டதாக ஆகக் கூடாது, அவ்வளவுதான் என் யோசனை.

சரக்கு வந்தது. மாட்டினோம். நீங்கள் சொன்ன மாதிரியே கத்தி சென்டருக்கு மேலே நின்றது. இரும்பை வெட்டாமல் தேய்த்துக்கொண்டு கிடந்தது. பிரின்சிபல் வந்து பார்த்துவிட்டு, யார் அளந்தது என்று மலாயில் கேட்டார்.

"சியாப்பா உக்கூர்?"

"தேவராஜ் யாங் உக்கூர், துவான்," என்றேன்.

தேவராஜ்தான் அளந்தார் என்றேன். பொய் இல்லை. அளந்தது நீங்கள்தான். பொய்யே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. நீங்கள் சாணை இயந்திரத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். என்னை ஒரு தடவை பார்த்தீர்கள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டீர்கள்.

உங்களை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை சுண்ணக்கட்டியும் துடைப்பமும் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆனாலும் அந்தப் பள்ளி விடுமுறையில் நீங்களே வந்து, ஆறு லேத்துக்கும் மெல்லிசான கத்திகளாகப் பார்த்துச் சாணை பிடித்து வைத்தீர்கள். கத்தி மெல்லிசானதும் முனை சென்டருக்கு இறங்கிவிட்டது. லேத் ஓடியது. பிரின்சிபல் என்னைப் பாராட்டினார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஏன் சகலை ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேனே, அப்போதாவது கேட்டிருக்கலாமே? நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் கிளம்பும்போது மல்லிகா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவரு அடிக்கடி, அந்த டூல் போஸ்ட்ட நாந்தான் தப்பா அளந்துட்டேன், சகலைய பிரின்சிபல் முன்னாடி தலகுனிய வச்சிட்டேன்னு என்கிட்ட சொல்லுவாரு தம்பி. நீங்க அவர மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் அவரு படத்துக்கிட்ட சொல்லிடறேன்."

சீட்டு என் பையில்தான் இருந்தது. "அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன்க்கா," என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்காளும் தங்கச்சியும் முகம் பார்க்காமல் போய்விடக் கூடாது என்றா பழியை வீட்டுக்குள்ளும் உங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டீர்கள்? இனி யாரிடம் கேட்பேன்?

சரோஜாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போனவள் இதுவரை என்னோடு பேசவில்லை. என் வாய் கடைசி நேரத்தில் என்ன செய்யும் என்று எனக்கே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள கடைக்கு ஏழு மணிக்குப் பேப்பர் வரும். அக்கா இறங்கிப் போய் வாங்குவார்.

அதற்கு முன்னால் சீட்டோடு நான் உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். என் வாயாலேயே சொல்வேன். நான் மன்னித்ததாக அக்கா உங்கள் படத்திடம் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி அவர் காலில் விழுவேன்.

தலை நிமிர்ந்து உங்கள் படத்தைப் பார்க்க முடியாத,
உங்கள் சகலை
கோபால், கிள்ளான்