முனையில் கூடிய பாரம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நான் இயக்கும் தூக்குப்பாலம் படகுகளுக்கு வழிவிட இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும். ஒரு மாதமாக மூன்று நிமிடம் ஆகிறது. கீழே படகு ஹாரன், மேலே லாரி ஹாரன், நடுவில் நான். பாலத்தை இயக்கும் கூண்டில் நான் தூங்குகிறேன் என்கிறார் சூப்பர்வைசர். இப்படியே போனால் கிடங்குக் காவலுக்கு மாற்றிவிடுவாராம். குவார்ட்டர்ஸும் போய்விடும். ஊர் ஊராகப் போய்ப் பாலங்களைச் சோதிக்கிறவள் நீ. இதையும் சோதித்து, தப்பு என்மேல் இல்லை என்று எழுதிக் கொடேன்.

உன் தம்பி

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

உன் பாலத்துக்கு அக்கா கையெழுத்துப் போட்டால் ஆபீஸே சிரிக்கும். எனக்குப் பதிலாக எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் ஒருவர் வருவார், கண்ணாடிக்காரர் என்போம். மனிதர் சிரிக்கவே மாட்டார், வேலையில் புலி. பாலத்தின் எடையும் பின்னால் அதைத் தாங்கும் எதிர்ப்பாரமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்.

ஒன்று யோசித்துப் பார். சமீபத்தில் யாராவது பாலத்தில் புதிதாக எதையாவது பொருத்தினார்களா? இருந்தால் அவரிடம் சொல்லிவிடு. கோபப்படாதே. சின்னவளுக்கு இருமல் நின்றதா?

உன் அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம்தான். அதனால்தான் இரண்டு வாரம் எழுதவில்லை. இருமல் நின்றுவிட்டது.

உன் கண்ணாடிக்காரர் மோட்டார் எவ்வளவு திணறுகிறது என்று அளக்க அதன் ஷாஃப்டில் தபால்தலை அளவுக்குத் தகடுகளை ஒட்டி, வயர் இழுத்து, பாலத்தை ஒன்பது தடவை ஏற்றி இறக்கச் சொன்னார். மோட்டார் சரி, பல்சக்கரம் சரி, என் கையும் சரியாம். பாலத்தின் மேலே எழும் முனையில்தான் பாரம் கூடியிருக்கிறதாம். அங்கே நடைபாதையில் கிடந்த மரப்பலகைகளைக் காட்டினார். சூப்பர்வைசர் உடனே, சமீபத்தில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்த கான்ட்ராக்டரைத் திட்டத் தொடங்கினார்.

அக்கா, அவற்றைப் பொருத்தியது நான். ஏப்ரல் கடைசியில் பெய்த மழையில் நடைபாதையின் இரும்புத் தகடு வழுக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் விழுந்தார்கள். படகுத்துறையில் சும்மா கிடந்த பதினான்கு கனத்த பலகைகளைக் கொண்டுவந்து அடித்தேன். உன் கடிதத்தைப் படித்தபோதே ஞாபகம் வந்தது. இவ்வளவு பெரிய பாலத்துக்கு அது எந்த மூலைக்கு என்று விட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பழி கான்ட்ராக்டர் தலையில் விழுந்திருக்கும். அப்படி நிற்க முடியவில்லை.

"சார், அத அடிச்சது நான்தான். யாரையும் கேக்கல," என்றேன்.

சூப்பர்வைசர் விறுவிறுவென்று பாலத்தைவிட்டு இறங்கிப் போய்விட்டார். மாற்றல் நிச்சயம் என்று வீட்டில் இவள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

உன் தம்பி

ஜூலை 5

அன்புத் தம்பிக்கு,

அறிக்கை வந்துவிட்டது. பலகைகள் பிள்ளைகளுக்குத் தேவை, அப்படியே இருக்கட்டும், எதிர்ப்பாரத்தில் சில இரும்புக் கட்டிகளைச் சேர்த்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். பாரம் கூடிய காரணத்தை இயக்குபவரே முன்வந்து சொன்னார் என்றும் ஒரு வரி இருக்கிறது. உன் சூப்பர்வைசர் இங்கே போன் செய்தாராம். மாற்றல் இல்லை. இனிமேல் ஒரு ஆணி அடித்தாலும் அவரைக் கேட்டுவிட்டு அடிக்க வேண்டுமாம். பெட்டியை அவிழ்க்கச் சொல். அடுத்த வாரம் நானும் வருகிறேன், நாலு நாள் இருப்பேன்.

நேரில் சொல்ல வெட்கமாக இருக்கும், அதனால் இதிலேயே எழுதிவிடுகிறேன். ஆபீஸ் சிரிக்கும் என்றது சும்மா சாக்கு. தப்பு உன்மேல் இருந்தால் மறைத்துவிடுவேனோ என்று பயந்துதான் வரவில்லை. இருபது வருடத்தில் எந்தப் பாலத்துக்கும் பொய் எழுதாதவள், உன் பாலத்துக்கு எழுதியிருப்பேன்டா.

உன் அக்கா