ஓட்டுப் போடாத ஒப்பந்தம்

மார்ச் 3

அன்புள்ள மருந்தம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நம் பெண் இதற்குள் போன் போட்டு என்னைத் திட்டியிருப்பாள்.

இங்கே ஒரு கட்டடத்தில் பேசும் லிஃப்ட் மாட்டியிருக்கிறோம். "கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்" என்று ஒரு பெண் குரல். முதல் வாரம் எல்லாரும் ரசித்தார்கள். இப்போது அந்தக் குரல் அதட்டுகிறது என்று நாலாவது மாடிக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். போய் நின்று கேட்டேன். அதட்டலெல்லாம் இல்லை. அவரை விலகி நிற்கச் சொல்ல அவர் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். தொழில்நுட்பத்தைப் பற்றி என் கருத்து இதுதான்: இயந்திரம் வாயைத் திறந்தால் அதோடும் சண்டைக்குப் போக ஒருவர் இருப்பார்.

தேர்தல் வந்துவிட்டது. காலையிலேயே தெருவில் ஒலிபெருக்கி. உன் கட்சி வண்டியில் பாட்டு, என் கட்சி வண்டியில் பேச்சு. இரண்டு வண்டியும் முச்சந்தியில் மாட்டிக்கொண்டால் ஒன்றும் புரியாது. எனக்குப் பிடித்த அரசியல் அந்தச் சில நிமிடங்கள்தான். நான் பார்க்கும் லிஃப்டுகள் சிலவற்றில் கதவை மூடும் பொத்தானுக்கு ஒயரே கிடையாது. கதவு தன் நேரத்துக்குத்தான் மூடும். அமுக்குகிறவருக்கு ஒரு திருப்தி. ஓட்டும் அப்படித்தான் என்று சொன்னால் நீ கோபப்படுவாய், ஆகவே சொல்லவில்லை.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கட்டும். கல்யாணமான புதிதில் வெயிலில் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தோமே, நான் என் கட்சிக்கு, நீ உன் கட்சிக்கு. அது தெரிந்ததும், "அப்ப எதுக்குங்க ரெண்டு பேரும் நின்னோம், வீட்லயே இருந்திருக்கலாமே" என்று கேட்டவள் நீதான். உன் ஓட்டு என் ஓட்டை அடித்துவிடுகிறது. இரண்டு பேரும் போகாவிட்டாலும் கணக்கு அதேதான். அன்றிலிருந்து தேர்தல் நாள் என்றால் பத்து மணி வரை தூக்கம், எழுந்ததும் நான் போடும் டீ. போன தேர்தலில் நீ அங்கே, நான் இங்கே, அப்போதும் தவறவில்லை. இந்த முறையும் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 11

லிஃப்ட்காரருக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. "இன்னுமா லெட்டர் எழுதிக்கிறீங்க, போன்ல பேசிக்கக் கூடாதா" என்று பெண் கேட்கிறாள். லெட்டரில் அப்பாவால் குறுக்கே பேச முடியாது என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மருந்தகத்தில் புதுக் கணினி வந்திருக்கிறது. டாக்டர்கள் இனி கையால் எழுதக் கூடாது, தட்டச்சுத்தான். முன்பெல்லாம் கையெழுத்துப் புரியவில்லை என்று போய்க் கேட்போம், கேட்கும்போதே தப்பும் பிடிபடும். இப்போது தப்பு கூட அச்சடித்த மாதிரி அழகாக வருகிறது. போன வாரம் ஒரு குழந்தைக்குப் பெரியவர்களின் அளவு வந்தது. திருப்பி அனுப்பினேன். "சிஸ்டத்துல இருக்கே" என்றார் அந்தச் சின்ன டாக்டர். "குழந்தை வெளியிலதான் இருக்கு, வந்து பாருங்க" என்றேன். என் கருத்தும் அவ்வளவுதான்.

உங்கள் கட்சி வேட்பாளர் நோயாளிகளைப் பார்க்க வந்தார். காய்ச்சல்காரர்களைத் தாண்டிப் போய், கட்டுப் போட்ட கையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார். என் வேட்பாளர் மறுநாள் வந்தார். அவரும் அதே கையைத்தான் பிடித்தார். அந்த ஆள் யாருக்குப் போடப்போகிறாரோ தெரியவில்லை. வலியில் இருந்தார்.

ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் குடியிருப்பு ஒதுக்குகிறார்கள். தனியாள் என்றால் ஒற்றை அறை, குடும்பம் என்றால் இரண்டு அறை. மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஜூனோடு வேலை முடிகிறது. அதற்குப் பிறகு எங்கே இருப்பதாக உத்தேசம் என்று எழுதுங்கள். ஒன்றும் அவசரப்படுத்தவில்லை, அவர்கள்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி, பார்க்கலாம்.

இப்படிக்கு,
மருந்தம்மா


மார்ச் 17

அன்புள்ள மருந்தம்மாவுக்கு,

கணினியைக் குறை சொல்லாதே. அதற்குக் குழந்தையின் வயதைக் கேட்கத் தெரிய வேண்டும். கேட்காமல் விட்டது அந்தப் புரோகிராமை எழுதியவன் குற்றம். இதை உன் மேலதிகாரிக்கு எழுதிப் போடு. வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

குடியிருப்பு எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? உண்டென்றால் யார் பராமரிக்கிறார்கள் என்று விசாரி. தண்ணீர்த் தொட்டி மேலேயா கீழேயா? மேற்குப் பார்த்த ஜன்னல் வேண்டாம், சாயங்காலம் வெந்துபோவாய். சமையலறையில் ப்ளக் பாயின்ட் மேடைக்கு மேலே இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் அடுப்புக்குப் பின்னால் வைத்துத் தொலைத்துவிடுகிறார்கள்.

இங்கே புதிதாக வந்த பெரிய கடையில் பில் போட ஆள் கிடையாது, நாமே இயந்திரத்தில் காட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் ஒரு பெண் உதவிக்கு வந்தாள். ஆளைக் குறைக்கத்தான் இயந்திரம், இயந்திரத்துக்கு உதவ ஒரு ஆள். நம் நாட்டு நிர்வாகமே இப்படித்தான். உன் கட்சி ஆட்சியில் வந்த ஏற்பாடு இது, ஞாபகமிருக்கட்டும்.

பெண் போன வாரம் என்னிடமும் கேட்டாள். "ரெண்டு பேரும் என்னதான் முடிவு பண்ணியிருக்கீங்க?" சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். உண்மையிலேயே சிக்னல் சரியில்லை. இந்த நெட்வொர்க் விஷயத்தில் என் கருத்து தனிக் கடிதத்துக்கு ஆகும்.

ஒப்பந்தத்துக்கு 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? இத்தனை வருடத்தில் நீ அப்படிச் சொன்னதில்லை. தெளிவாக எழுது.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 22

வணக்கம்.

தெளிவாக எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

மாடியைக் கேட்டீர்கள், தொட்டியைக் கேட்டீர்கள், ப்ளக் பாயின்டைக் கேட்டீர்கள். அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. சோப்பிலிருந்து ஆட்சி வரைக்கும் உங்களுக்குக் கருத்து இருக்கிறது. நான் கேட்ட ஒன்றில் மட்டும் இல்லை.

மாற்றல் வந்ததால் நான் இங்கே வந்தேன் என்று ஊருக்குச் சொன்னோம். கேட்டு வாங்கிய மாற்றல் என்பது நம் இருவருக்கும் தெரியும். நீங்கள் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. தலை வலிக்கிறது என்று நான் சொல்வதற்குள் தலைவலி ஏன் வருகிறது என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். வலித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அலுத்துப்போயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே வந்ததுமே என் ஓட்டை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டேன். உங்கள் தொகுதியில் நிற்பவர் வேறு, இங்கே நிற்பவர் வேறு. என் ஓட்டு எப்படி உங்கள் ஓட்டை அடிக்கும்? போன தேர்தலிலேயே இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வாடகை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணி வரை படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து நானே டீ போட்டுக் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. இவ்வளவு லிஃப்ட் பார்த்த உங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நீங்கள் சொன்ன அந்தப் பொத்தான் மாதிரித்தான் நம் ஒப்பந்தமும். ஒயர் இல்லை.

ஆகவே இந்த முறை நான் போய் ஓட்டுப் போடப்போகிறேன். நீங்களும் போய் உங்கள் ஆளுக்குப் போடுங்கள். இனிமேல் யாரும் யாருக்காகவும் வீட்டில் இருக்க வேண்டாம்.

முப்பதாம் தேதிக்குள் உங்களிடமிருந்து பதில் இல்லை என்றால் ஒற்றை அறை என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 29

அன்புள்ள உனக்கு,

இது முப்பதாம் தேதிக்குள் வந்து சேருமோ தெரியாது, போன் செய்தால் குறுக்கே பேசிவிடுவேன். பதில் எழுத உட்கார்ந்தால் கருத்தாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

எனக்குத் தெரியும். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பெண் உன் பெயரை அடித்தபோது நான்தான் வாசலில் நின்றேன். "இவங்க இப்ப இங்க இல்லையா சார்?" என்றாள். "இல்லம்மா" என்றேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். அன்றைக்கே கணக்குத் தீர்ந்துவிட்டது. உன்னிடம் சொன்னால் நீ ஓட்டுப் போடப் போய்விடுவாய் என்று சொல்லவில்லை. நாம் இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஒயர் இல்லை என்று தெரிந்துதான் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நேற்று தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். முகவரி மாற்றக் கேட்டேன். இந்தத் தேர்தலுக்குப் பட்டியல் மூடியாயிற்று, அடுத்ததற்கு இப்போதே எழுதித் தரலாம் என்றார்கள். விண்ணப்பத்தில் பெயர் எழுதினேன், பிறந்த தேதி எழுதினேன். புது முகவரி என்கிற இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். பழைய ஆளாக இருந்தால் உன் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு உனக்குத் தகவல் சொல்லியிருப்பேன். அந்தக் கோட்டில் எதை எழுத வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். எதையும் எழுத வேண்டாம் என்றாலும் சரிதான். இதில் நான் கருத்துச் சொல்லவில்லை, கேட்கிறேன்.

நீ போய் ஓட்டுப் போடு. நான் வீட்டில் இருப்பேன்.

உன்
லிஃப்ட்காரன்


ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் இரண்டாம் தேதிதான் வந்தது. அதற்குள் ஒற்றை அறை என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாயிற்று. போய்க் கேட்டேன், இனி மாற்ற முடியாதாம். உங்கள் பட்டியல் மாதிரி இங்கேயும் மூடிவிட்டார்கள். கணவரோ மனைவியோ கூட இருந்துகொள்ளத் தடையில்லை, வசதிப்படாது, அவ்வளவுதான் என்றார் அந்த அலுவலர்.

சாவி வாங்கிவிட்டேன். முதல் மாடி, லிஃப்ட் இல்லை. ஜன்னல் மேற்குப் பார்த்துத்தான். ப்ளக் பாயின்ட் அடுப்புக்குப் பின்னால். நீங்கள் வேண்டாம் என்று எழுதியது அத்தனையும் இருக்கிறது.

நேற்று ஓட்டுப் போட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி. யாருக்குப் போடுவது என்று கடைசி வரை கிசுகிசுவென்று சண்டை. பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் போய்ப் போட்டுவிட்டு, வெளியே வந்து ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எரிச்சல் இல்லை என்று தெரிந்தது. மணி பத்துகூட ஆகவில்லை. டீ போடவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கேயாவது கருத்து ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

கோட்டில் எழுத வேண்டியது: எண் 14, முதல் மாடி, மருத்துவமனைப் பணியாளர் குடியிருப்பு. மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கலாம், அவ்வளவுதான் இடம். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போய் உட்கார வேறு அறை கிடையாது. நீங்கள் பேசினாலும் நான் பேசினாலும் முடியும் வரை மற்றவர் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். நன்றாக யோசித்துவிட்டு அந்தக் கோட்டை நிரப்புங்கள்.

நான் யோசித்துவிட்டேன்.

உங்கள்
மருந்தம்மா