ஏழு வீடு, ஆறு சண்டை

மார்ச் 5, 1962. திங்கள்

குட்டையா, காலையிலிருந்து மழை. நீ கண்ணை மூடி மூன்று மாதம், நாலு நாள். நீ இருந்தபோது நேரில் கூப்பிட்டது ‘என்னங்க’தான். ‘குட்டையா’ என்பதெல்லாம் இந்த நோட்டில் மட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்.

அரசாங்க வீட்டு ஆபீசிலிருந்து கடுதாசி. நம் மாடியில் சத்தம் அதிகமாம். வியாழன் விசாரணை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னால் காரிடாரில் கிடக்கும் சாமானை எடுத்துப் போய்விடுவார்களாம். நம் வாசலில் உன் சாய்வு நாற்காலி. ஆறாம் வீட்டு பிலோமினா, அது முழங்காலில் இடிக்கிறது என்று நாலு வருஷமாகக் கத்துகிறாள்.

தேக்கா மார்க்கெட்டில் வாங்க: கருவாடு, சோப்பு, ஊசி.

6, செவ்வாய்

வெயில். ஊசி மறந்தாச்சு.

பிலோமினா இன்றும் இடித்துக்கொண்டாள். “ஏங்க்கா, இத எடுக்கவே மாட்டீங்களா?” முன்பென்றால் ஒரு மணி நேரம் சண்டை போடாமல் விட்டிருக்க மாட்டேன். இன்று உள்ளே வந்துவிட்டேன்.

நீ சொல்வாய்: “ஏழு வீடு, ஆறு சண்டை. எல்லாரும் அடுத்த வீட்டோடதான். ஒண்ணுக்கும் மூணுக்கும் ஏதாச்சும் உண்டா பாரு.” நம்முடையது கடைசி வீடு, அப்புறம் சுவர். ஏழாவது சண்டை எங்கே என்று நான் கேட்டால், “அது நமக்குள்ள.”

8, வியாழன்

விசாரணைக்கு நம் காரிடாருக்கே வந்தார், கண்ணாடி போட்ட தமிழ் அதிகாரி. ஏழு வீடும் ஒன்றாகக் கத்தியது. மனுஷர் பயந்துவிட்டார். மலாயில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொன்னார்: “ரெண்டு ரெண்டு வீடா வாங்க. ஒண்ணும் ரெண்டும். அப்புறம் ரெண்டும் மூணும். அடுத்த வீட்டப் பத்தி மட்டும் பேசுங்க!”

ஒன்றாம் வீட்டுச் சீனக் கிழவர்: ரெண்டாம் வீட்டில் பிளாச்சான், அந்த இறால் விழுது, வறுக்கிற நாற்றம். ரெண்டாம் வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா, மக்சிக், தலை குனிந்து கண்ணைத் துடைத்தாள். அடுத்த நிமிடமே மூன்றாம் வீட்டுக்காரரைப் பார்த்து இடுப்பில் கை. ரேடியோ சத்தமாம். அவர் பாவமாக நின்றார். திரும்பி நாலாம் வீட்டைப் பிடித்துக்கொண்டார். அழுதவர் எல்லாம் அடுத்த தடவை அதட்டல்.

கடைசியாக ஆறும் ஏழும். திட்டு வாங்க மட்டும் நான். திருப்பிக் கொடுக்க அடுத்த வீடு இல்லை.

“உங்க புகார் என்னம்மா?”

பிலோமினா நாற்காலியைப் பார்த்தாள். நான் முந்தானையை முறுக்கினேன்.

“இந்தக்கா மூணு மாசமா எங்கூட சண்டையே போடுறதில்ல சார். எழுதிக்குங்க.”

“அந்த நாற்காலி?”

“அது எங்க அண்ணனோடது. அங்கதான் கெடக்கும். ஏன், உங்களுக்கு இடிச்சிச்சா?”

அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

9, வெள்ளி

மூட்டம். பிலோமினா துணி காயப்போட்ட கம்பு சொட்டி நாற்காலி ஈரம்.

“கண்ணு அவிஞ்சு போச்சாடி?” என்றேன்.

“வந்துட்டாங்கய்யா! வாங்க, வாங்க!” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் சண்டை போட்டாள். மக்சிக் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கத்திக் கத்தி என் குரல் கம்மிவிட்டது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சத்தமே இல்லை.

ஆறு சண்டையும் சரியாக நடக்கிறது, குட்டையா. ஏழாவதை யாரோடு போடுவேன்?