நாலு நாள் முந்தி எடுத்த ஸ்கேன்

மரியே வாழ்க
டாலஸ், ஜூலை 11, 2025

அன்புள்ள டீனாக்குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் மெயில். நீயும் ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. பாப்பா நன்றாக உதைக்கிறது. இன்னும் ஆறு வாரம்.

என் கம்பெனியில் பிரசவ லீவுக்குச் சம்பளம் கிடையாது. முப்பது வருஷம் டீச்சராக இருந்த அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள். அதற்குப் பதிலாக ‘ஷார்ட் டெர்ம் டிஸ்எபிலிட்டி’ என்று ஓர் இன்சூரன்ஸ். கால் உடைந்து படுப்பவர்களோடு பிள்ளை பெற்றுப் படுப்பவர்களையும் சேர்த்துவிடுகிறார்கள். ஆறு வாரம் பாதிச் சம்பளத்துக்கு மேல் வரும். நவம்பரில் அதில் சேர்ந்தேன், ஜனவரி ஒன்றிலிருந்து அமல்.

நேற்று பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அமலுக்கு வருவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இதற்காக எந்த டாக்டரையும் பார்த்திருக்கக் கூடாதாம். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாந்தி எடுத்தேன் என்று நீ ஸ்கூட்டியில் அடையாறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாயே, ஸ்கேன் எடுத்தோமே, அது டிசம்பர் 28. நாலே நாள், டீனா. அம்மா அந்த ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டுப் பெட்டியில் வைத்தாள். நானும் ஃபைலை அப்படியே இங்கே டாக்டரிடம் நீட்டினேன், அங்கிருந்து இன்சூரன்ஸ்காரர்கள் கைக்குப் போய்விட்டது.

மனைவியின் விசாவை ஒட்டி வந்தவர் என்பதால் ஆண்ட்ரூ மாமா இங்கே வேலைக்குப் போக முடியாது. என் சம்பளம்தான் வாடகை. அப்பீல் செய்யப் போகிறேன். வாந்திக்குத்தான் போனேன், கர்ப்பம் என்று அப்போது தெரியாது என்று காட்ட வேண்டும்; அடையாறில் என் கேஸ் ஷீட் காப்பி வாங்கி எனக்கு அனுப்பு, அது போதும். அவர்கள் கடிதத்தை இணைத்திருக்கிறேன். அப்பீலும் போனால் இரண்டு வாரத்தில் தையலோடு ஆபீஸ் போக வேண்டும்.

முத்தங்களுடன்,
மர்சலின் அக்கா


மயிலாப்பூர், ஜூலை 16

மர்சிக்கா,

முதல்ல அழாத. நீ அழுதா எனக்குக் கடுப்பாகுது.

அடையாறு போனேன். ரிசப்ஷன்ல ஒரு லேடி, “பேஷன்ட் எங்கம்மா?”ன்னுச்சு. டாலஸ்லன்னேன். “அப்ப அவங்களை வரச் சொல்லு”ன்னுச்சு. ஒரு மணி நேரம் கத்தினதுக்கு அப்புறம் காப்பி குடுத்தாங்க. ‘ஆறு வாரக் கர்ப்பம்’னு கொட்டை எழுத்துல இருக்கு. இதை அனுப்பி என்னா கிழிக்கப் போற?

காலேஜ்ல அட்டெண்டன்ஸ் இல்லாம நான் மாட்டினப்போ மஞ்சக்காமாலைன்னு எழுதிக் குடுத்தாரே, வடபழனி டாக்டர், அவர்கிட்ட போனேன். கம்பவுண்டர் வேம்புக்கு என்னைப் பாத்ததும் சிரிப்பு. “இன்னா பாப்பா, காலேஜுக்கே டாட்டா சொல்லிட்டியாமே, இப்ப எதுக்குக் காமாலை?” அக்காவுக்கு, அமெரிக்காவுக்குன்னேன். “அமெரிக்காவுக்கா? இரு, நல்ல லெட்டர்பேடு உள்ள கீது.” டாக்டரே சீல் போட்டுக் குடுத்துட்டாரு. டிசம்பர் 28 அன்னிக்கு நீ வயித்துக் கோளாறுக்கு அவர்கிட்ட வந்தியாம், அடையாறு ரிப்போர்ட் ஆள் மாறி வந்துருச்சாம்.

உன்கிட்ட கேட்டா வேணாம்ப. அதான் நீ அனுப்பின லெட்டர்ல இருந்த க்ளெய்ம் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ்காரங்க மெயிலுக்கு நானே அனுப்பிட்டேன். டாக்டர் சீலைப் பாத்தா எவன் மறுபேச்சு பேசுவான்? எங்க காலேஜ் பிரின்சிபாலே பேசல. நீ ஆறு வாரம் பாப்பாவைக் கட்டிக்கிட்டுத் தூங்கு.

உன் டீனா

பி.கு. ஈஸ்டர்லேர்ந்து எழுதாததுக்கு இதோட கணக்கு தீந்துச்சு.


டாலஸ், ஜூலை 29

டீனா,

ஸ்கேன் படத்தில் என் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் அடையாறுக்கே மெயில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை.

பொய் சர்டிபிகேட் என்று கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டார்கள். நேற்று ஒரு அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, இந்த டீனா யார் என்று கேட்டார்கள். தங்கை என்றேன். எனக்குத் தெரியாமல் அனுப்பினாள் என்றேன். ஒருத்தர்கூட எழுதிக்கொள்ளவில்லை. அப்பீல் செய்யும் முன்பே க்ளெய்மை மூடிவிட்டார்கள். வேலையும் போய்விட்டது. என் விசா வேலையோடு கட்டியது; அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். எட்டு மாத வயிற்றோடு இன்டர்வியூவுக்கு யார் கூப்பிடுவார்கள்?

நான் உன்னிடம் ஒரு காப்பிதான் கேட்டேன்.

தையலோடு வேலைக்குப் போவதே கொடுமை என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த வேலையைக் கொடுத்தால் ஓடுவேன்.

இனி எனக்காக எதுவும் செய்யாதே.

மர்சலின்


மயிலாப்பூர், ஆகஸ்ட் 9

அக்கா,

உங்க கம்பெனிக்கு எழுதினேன். நான்தான் பண்ணேன், அவளுக்குத் தெரியாதுன்னு, ஆதார் காப்பியோட. இந்த மெயிலுக்குப் பதில் வராதுன்னு மெஷின் பதில் அனுப்புச்சு.

வேம்பு கிட்ட போய்க் கத்தினேன். “காலேஜு ஒத்துக்கினாங்க, கவர்மென்ட் ஆபீஸ் ஒத்துக்கினாங்க, இவங்க இன்னா இவ்ளோ பாக்கறாங்க?”ன்னு அவரு நிஜமாவே ஆச்சரியப்படறாரு. நானும் அப்படித்தான நினைச்சேன். எனக்கு வேற எதுவும் தெரியலக்கா.

திட்டியாவது எழுது.

டீனா


மயிலாப்பூர், செப்டம்பர் 23

அக்கா,

நாலு மெயில் போட்டேன். இது அஞ்சாவது.

பாப்பா பொறந்ததை மாமா அம்மாவுக்கு அனுப்பின போட்டோல பாத்தேன். பொண்ணு. அம்மா போனைக் குடுத்துட்டு என் மூஞ்சியைப் பாக்காம அடுப்பங்கரைக்குப் போயிட்டாங்க. நான் அவங்ககிட்ட எதுவும் சொல்லல. நீதான் சொல்லியிருப்ப. சொல்ல வேண்டியதுதான்.

வேலை கிடைக்கலன்னு தெரியும். சனிக்கிழமை வந்து எறங்கறீங்கன்னும் தெரியும். டீனாகிட்ட சொல்லாதம்மான்னு நீ சொன்னதும் தெரியும். அம்மாவுக்குப் பொய் வராது.

ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன். நம்ம ரூமைக் காலி பண்ணிட்டேன். ஃபேன் சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு, ஆள் கூப்ட்டு சரி பண்ணியாச்சு. கொசுவலை புதுசு. கட்டில்ல பாப்பா பக்கம் செவுரு. நான் கிண்டில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சேந்துட்டேன், ரூமுக்கு ஆறு பேர். நீ வீட்டுக்குள்ள வரும்போது நான் இருக்கேனான்னு பாக்க வேணாம். இருக்கமாட்டேன்.

மன்னிப்பு நாலு மெயில்லயும் கேட்டாச்சு. இதுல கேக்கல.

அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். “அவகிட்டயே கேட்டுக்கோ”ன்னுட்டாங்க. அதுக்குத்தான் இந்த மெயில்.

பாப்பா பேரு என்னக்கா?

டீனா